ஊவா மலைநாட்டில் வீட்டுத்தோட்டம்: பருவமும் பயிரும்

‘தோட்டம்’ என்னுஞ் சொல்லுக்கு ஊவா மலைநாட்டிலே ஒரு தனிப்பொருள் உண்டு. யாழ்ப்பாணத்தார்க்குத் தோட்டம் என்றவுடன் கிணற்று நீர் பாயும் செம்மண் நிலமும், அதில் வளரும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் நினைவுக்கு வரும். பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ வாழ்வோர்க்கோ தோட்டம் எனின் தேயிலைத் தோட்டமே. அங்கு விளைவது ஒன்று. அதனை உண்டு பசியாற இயலாது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்திலே பிறந்து தோட்டத்திலே வாழ்ந்தும், தமக்கென ஒரு கீரைப் பாத்திதானும் உரிமையாக இல்லாதோர் நம்மவருட் பலர். இம்முரண்பாடே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டனர். சமயமும் இலக்கியமும் பற்றி எழுதத் தகுதியுடையோர் பலர் இருத்தலின், விவசாயப் போதனாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் நாம் அறிந்துகொண்ட மண்ணையும் மழையையும் பற்றியே எழுதத் துணிந்தோம். நம் கல்லூரி மாணவருட் பலர் லயங்களிலிருந்து வருவோர். பழைய மாணவருட் பலர் அங்கிருந்து வந்தோரே. ஆதலின் இது அயலார் செய்தியன்று.

முதலில் எமது பிழையொன்றைக் கூறுதல் நேர்மையாகும். பணியிற் சேர்ந்த புதிதில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே, ஒரு வைகாசி மாதத்தில் போஞ்சி விதையும் தக்காளி நாற்றும் பகிர்ந்து கொடுத்தோம். மலைநாட்டின் மேற்குப் பக்கத்துக்குப் பொருந்திய பருவக் குறிப்பையே நாம் கையில் வைத்திருந்தோம். விதையை வாங்கிய மூதாட்டி ஒருவர், “கச்சான் காத்து வாற மாசத்துல கொடி போட்டா நிக்குமா ஐயா?” என்று கேட்டார். நாம் குறிப்பைக் காட்டி விளக்கம் கூறினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. ஆடி மாதம் திரும்பிச் சென்றபோது, ஏனையோரின் பாத்திகளிலே ஊன்றுகோல்கள் மட்டும் நின்றன. மூதாட்டியோ தமக்குக் கிடைத்த விதைகளை அடுப்புச் சாம்பலிற் புரட்டிப் போத்தலில் அடைத்து வைத்திருந்தார். ஐப்பசி மழைக்கு அவற்றை ஊன்றினார். மார்கழியில் அயல் வீடுகளுக்கும் போஞ்சி கொடுத்தார். அன்று கற்ற பாடத்தையே இங்கே விரித்துரைக்கின்றோம்.

காற்றின் இயல்பு

இலங்கையின் மலைநாடு ஒரே பருவமுடையதன்று. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கடலிலிருந்து கொணர்ந்த ஈரத்தை மலைகளின் மேற்குச் சாரலிலே பெரும்பாலும் பொழிந்துவிடுகின்றது. கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகளில் அக்காலம் அடைமழை. மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அக்காற்று ஈரமிழந்து நிற்கும். இறங்கும் வறண்ட காற்று 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் வீதம் சூடேறுவது இயற்கை விதி. ஆகவே ஹற்றனில் குடை பிடிக்கும் ஆடி மாதத்திலே பதுளையிற் புழுதி பறக்கின்றது.

ஊவாத் தேயிலையின் உலகறிந்த நறுமணம் பிறப்பது இவ்வறட்சியில்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் கொழுந்துக்கு ஏல விற்பனையிலே தனி மதிப்பு உண்டு. வறண்ட காற்றாற் கொழுந்தின் வளர்ச்சி தளர, மணந்தரும் பொருள்கள் இலையிலே செறிகின்றன. தேயிலைக்கு மணமூட்டும் அதே காற்றுப் போஞ்சிப் பூவை உதிர்த்துத் தக்காளி இலையைச் சுருட்டிவிடும். தோட்டத்தின் பருவம் வேறு, அடுக்களையின் பருவம் வேறு என்பதை இதனால் உணரலாம்.

பதுளையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களிற் பெய்கின்றது. பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமழை ஒரு சிறு பருவத்தைத் தருகின்றது. எனவே ஊவாவின் வீட்டுத்தோட்டத்துக்கு ஐப்பசியிலே தொடங்கும் பெரும்போகமே தலையாயது. சித்திரைச் சிறுபோகம் அதற்குத் துணை.

உயரத்துக்கு ஏற்ற பயிர்

மழைக்கு அடுத்தபடி நோக்கத்தக்கது உயரம். பதுளை நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்குச் சற்று மேலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் உள்ளன. நூறு மீற்றர் ஏறுந்தோறும் வெப்பம் அரைப் பாகைக்குச் சற்று மேலாகக் குறையும். ஆகவே பதுளைக்கும் அப்புத்தளைக்கும் இடையே ஏறக்குறைய 5 பாகை வேறுபாடு உண்டு.

பதுளை, பசறை, ஹாலிஎலைப் பக்கத்தார் கத்தரி, வெண்டி, பயற்றை, பாகல், புடோல், மிளகாய் ஆகியவற்றை நடுதல் நன்று. பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைப் பக்கத்தார்க்குக் கரட், பீட்ரூட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என்பன பொருந்தும். போஞ்சியும் தக்காளியும் முள்ளங்கியும் இருசாரார்க்கும் உதவுவன. கொடிப் போஞ்சியில் ‘பண்டாரவளைப் பச்சை’ என்றே ஓர் இனம் உண்டு. அப்புத்தளை உறவினர் வீட்டிற் செழித்த லீக்ஸ் நாற்றைப் பதுளைக்குக் கொணர்ந்து நட்டு, அது மெலிந்தபோது மண்ணைக் குறைகூறுதல் முறையன்று.

பல பயிர் நடுதல் வேண்டும் என்பதற்கு ஊவாவின் வரலாறே சான்று. 1869ஆம் ஆண்டில், பதுளை மாவட்டத்து மடுல்சீமையிலேதான் கோப்பி இலையின் துருநோய் இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்டது. மலைகளெங்கும் இடைவெளியின்றிக் கோப்பி ஒன்றே நின்றமையால், காற்றிலே பறந்த நோய்வித்துக்குத் தடையேதும் இருக்கவில்லை. 1880இல் ஆய்வுக்காக வந்த மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கிலத் தாவரவியலாளர், ஒரே பயிர் பரந்து நிற்பதன் தீங்கை எடுத்துக்காட்டினார். ஆயினும் ஓர் இருபது ஆண்டுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கை வீழ்ந்தது. தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. பெருந்தோட்டம் மறந்துவிட்ட பாடத்தைச் சிறுபாத்தியேனும் மறவாதிருத்தல் நலம்.

மண்ணைத் திருத்துதல்

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும். அமிலத்தன்மையை அளக்கும் அளவுகோலில் 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணில் அது செழிக்கும். மரக்கறிகளிற் பெரும்பாலானவை 5.5க்கு மேல் 6.5 வரையுள்ள மண்ணையே வேண்டுவன. அவ்வளவுகோலில் ஓர் எண் குறையின் புளிப்புப் பத்து மடங்கு கூடும் என்பதை மாணவர் வேதியியல் வகுப்பிலே கற்றிருப்பர். பழைய தேயிலை மண்ணில் நட்ட கோவா வேர் வீங்கிக் குன்றுவதற்கும், போஞ்சி மஞ்சளிப்பதற்கும் இப்புளிப்பே பெரிதும் காரணமாகும்.

இதற்கு மருந்து எளியது. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே, சதுர மீற்றருக்கு இரண்டு கைப்பிடி டொலமைற்றுத் தூளை மண்ணிற் கொத்திக் கலத்தல் வேண்டும். அது கிட்டாதாயின், விறகடுப்புச் சாம்பல் லயந்தோறும் உண்டு. ஆயின் சாம்பலையோ டொலமைற்றையோ கோழியெருவுடனும் யூரியாவுடனும் ஒரே நாளில் இடலாகாது. இட்டால் பயிருக்கு உணவாக வேண்டிய நைதரசன் அமோனியா ஆவியாகி வீணே போய்விடும்.

கூட்டெருவுக்குத் தனிச் செலவில்லை. ஒரு மீற்றர் நீள அகலத்தில், காய்ந்த இலை ஒரு படை, பச்சைத் தழை ஒரு படை, சாணமோ பழைய எருவோ ஒரு படை என மாறி மாறி அடுக்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் மூன்று மாதத்திற் கூட்டெரு ஆயத்தமாகும். தழைக்கு வேலியோரக் கிளிசிரிடியாவும், மூடாக்குக்கு மானாப்புல்லும் சிறந்தவை. களைக்கொல்லி தெளித்த மலையிலிருந்து புல்லும் களையும் கொணர்தல் ஆகாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்படும் வரை பெருந்தோட்டங்களும் வயல்களும் தடுமாறின. கூட்டெருக் குவியலை முன்னரே வைத்திருந்த சிறுபாத்திகள் அத்தடையை ஓரளவு தாங்கின. எருவை ஓராண்டிலே ஒரு கட்டளையால் ஆக்கிவிட இயலாது என்பதும் அப்போது வெளிப்பட்டது.

சரிவும் நீரும்

நம் நிலம் சமநிலமன்று. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்தல் முதல் விதி. மேலிருந்து கீழாகப் பாத்தி வெட்டின், ஐப்பசியின் முதற் பெருமழை மேல்மண்ணையும் இட்ட எருவையும் ஆற்றுக்குக் கொண்டுசேர்க்கும். பாத்தியின் கீழ் விளிம்பிலே கல்லடுக்கி, கிளிசிரிடியாக் கொம்புகளை நெருக்கமாக ஊன்றிவிடின் மண் அங்கே தங்கும். தேயிலை மலையிற் கான் வெட்டத் தெரிந்த கைகளுக்கு இதனைக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயின் ஓர் எச்சரிக்கை. லயத்துக்குப் பின்புறம் செங்குத்தாக வெட்டிய மண்சுவரின் மேலே குழி தோண்டி நீரைத் தேக்குதல் பேராபத்து. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறத்தல் இயலாது. 2025 நவம்பரில் வந்த தித்வாப் புயலிலும் பதுளை மாவட்டம் மண்சரிவாற் பெருந்துயருற்றது. நமக்குப் பயிர் தரும் மழையே அத்துயரையும் தந்தது. நிலத்திற் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால், பயிரை நோக்காது உயிரை நோக்கி அவ்விடம் விட்டகலுதல் வேண்டும்.

கோடையில் நீருக்குப் பீலிக்கரையே கதி. அங்கு வழிந்தோடும் நீரை ஒரு சிறு வாய்க்காலாற் பாத்திக்குத் திருப்பலாம். அரிசி கழுவிய நீரும் வீணாக வேண்டியதில்லை. தகரங்களில் நீரைத் திறந்து வைத்தால் நுளம்பு பெருகும், மூடிவைத்தல் கடன்.

மாத வரிசை

ஆடி, ஆவணி: காற்றுக் காலம். புதிதாக எதுவும் நடலாகாது. மரவள்ளி, வற்றாளை, வல்லாரை போன்ற தாங்கும் பயிர்களைக் காத்து, கூட்டெருவை அடுக்குக. காற்று வரும் மேற்குப் பக்கத்தில் மரவள்ளி வரிசை நிற்பின் அதுவே வேலியாகும்.

ஆவணிக் கடைசி, புரட்டாதி: டொலமைற்று இடுங்காலம். தக்காளி, கத்தரி, மிளகாய், கோவா ஆகியவற்றுக்கு நாற்றுமேடை போடுக. நாற்று ஆயத்தமாக நான்கு வாரம் வரை செல்லும். மிளகாய்க்கு இன்னுஞ் சில நாள் வேண்டும்.

ஐப்பசி: மழை மண்ணில் ஒரு சாண் ஆழம் இறங்கிய பின்னர் நாற்று நடுக, போஞ்சி, பயற்றை, வெண்டி விதைகளை நேரே ஊன்றுக. போஞ்சி ஏறக்குறைய இரண்டு மாதத்திற் காய் தரும்.

கார்த்திகை, மார்கழி: நீர் தேங்காது கானைத் துப்புரவாக்குக. பனியும் தூறலும் தொடரின் தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் இலை கருகும் நோய் வரும். கீழிலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் தருக. கீரை, முள்ளங்கி என்பவற்றை இருவாரத்துக்கு ஒரு சிறு வரிசையாக விதைத்து வந்தால், ஒரே நாளில் எல்லாம் முற்றி வீணாகாது.

தை, மாசி: அறுவடையும் விதை சேர்த்தலும். நோயற்ற செடியின் நடுக்காய்களை விதைக்கென விட்டுவைத்து, நன்றாக உலர்த்திச் சாம்பலிலே சேமிக்குக.

பங்குனி, சித்திரை: சிறுபோகம். பிற்பகல் மழையை நம்பி வற்றாளை, மரவள்ளி, சோளம், பயறு என்பவற்றை ஊன்றுக. வைகாசி நடுவில் மழை ஓய்வதற்குள் வேரூன்றாத பயிர் கச்சானிற் பிழைப்பதரிது.

ஒரு நோயை மட்டும் சிறப்பாகக் குறிப்பிடல் வேண்டும். பச்சையாக நின்ற தக்காளியோ கத்தரியோ ஒரு நாளிலே துவண்டு சாய்ந்தால், அதன் தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திப் பார்க்க. வெட்டுவாயிலிருந்து பால்போன்ற நூல் இறங்கின் அது பற்றீரிய வாடல் நோய். மருந்து தெளித்துப் பயனில்லை. செடியை வேருடன் பிடுங்கி எரித்துவிட்டு, அப்பாத்தியிலே தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு என்னும் ஒரே குடும்பத்துப் பயிர்களைச் சில போகங்களுக்கு நடாது, போஞ்சியோ கீரையோ நடுக. கத்தரியைச் சுண்டங்காய்ச் செடியின் அடிக்கட்டையில் ஒட்டி வளர்த்தலும் கைகண்ட வழி.

உணவும் உரிமையும்

இவ்வளவு முயற்சியும் எதற்கெனின், விடை பிள்ளைகளின் உடலில் உள்ளது. 2016ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார ஆய்விலே, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 17.3 வீதம், தோட்டப் பகுதியிலோ 31.7 வீதம். 1974ஆம் ஆண்டின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களில் இறப்பு வீதம் நாட்டின் பிற பகுதிகளினும் மிகுதியாக உயர்ந்ததை முதியோர் அறிவர். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவு விலை ஓராண்டுக்குள் 94.9 வீதம் ஏறியது. அவ்வாண்டு அரசாங்க ஊழியர்க்கு வீட்டுத்தோட்டஞ் செய்யவென வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது. கொழுந்து பறிப்போர்க்கு அவ்விடுமுறை இல்லை.

கீரையிலுள்ள இரும்புச்சத்தைப் பற்றி ஒரு சொல். தேநீரை உணவோடு சேர்த்து அருந்தின், அச்சத்தின் ஒரு பகுதியை உடல் ஏற்காது. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி அருந்தி, கீரையிலே தேசிக்காய்ப் புளி பிழிந்து உண்பின் பயன் மிகும். அகத்தி, முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை நான்கும் நின்றால் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு கீரை கிடைக்கும்.

இனி, நிலம் யாருடையது என்னும் வினா. லயத்தில் வாழ்வோன் பாத்தியைத் திருத்தி, கல்லடுக்கி, எருவிட்டு மண்ணாக்கிய பின்னர், மறுநடுகைக்கெனவோ வேறு காரணத்துக்கெனவோ அந்நிலம் திருப்பிக் கேட்கப்பட்டதை நாம் கண்டதுண்டு. அவ்வச்சம் இருக்கும்வரை எவரும் மாமரமும் தென்னையும் நடமாட்டார். ஒரு போகத்துக் கீரையோடு நின்றுவிடுவர். மண்ணைப் பேணுதலுக்கு அறிவு மட்டும் போதாது, உரிமையும் வேண்டும் என்பது எமது துணிபு. அண்மைக்காலத்தில் தனிவீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் காணி வழங்கப்பட்டு வந்தது. 7 பேர்ச் எனின் ஏறத்தாழ 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடு அதில் 51 சதுர மீற்றரைக் கொள்ளும். பாதையும் கழிவறைக் குழியும் போக, 100 சதுர மீற்றர் அளவிற் பயிருக்கு எஞ்சும். ஒரு குடும்பத்தின் கீரைக்கும் மிளகாய்க்கும் போஞ்சிக்கும் அது போதும், அரிசிக்குப் போதாது. இவ்வெல்லையை மறைத்து வீட்டுத்தோட்டமே வறுமைக்கு மருந்தென உரைத்தல் பொய்யாகும். நாட்சம்பளத்தின் இடத்தைப் பாத்தி நிரப்பாது.

கல்லூரி செய்யத்தக்கது

விழா ஆண்டிலே கட்டடமும் மண்டபமும் எழுப்புதல் சிறப்பே. அவற்றோடு, கல்லூரி வளவில் ஒரு சிறு நாற்றுமேடை அமையுமாயின், செலவு சிறிது, பயன் பெரிது. பழைய மாணவர் விதையும் நிழல்வலையும் தரலாம். விவசாய பாட ஆசிரியர் வழிநடத்தலாம். மாணவர் புரட்டாதி முடிவிலே ஆளுக்குப் பத்து நாற்றுகளை வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். விஞ்ஞான மாணவர் ஒரு மழைமானியை நிறுத்தி நாள்தோறும் அளவைக் குறித்துவைப்பின், நம் ஊரின் பருவத்தை நாமே அறியலாம். அதே குறிப்பேட்டில், தத்தம் வீட்டு முதியோர் எந்த மாதத்தில் எதனை ஊன்றுகின்றனர் என்பதையும் எழுதுமாறு மாணவரைக் கேட்டுக்கொள்கின்றோம். சாம்பலிலே போஞ்சி விதை காத்த மூதாட்டி இன்று இல்லை. அவர் அறிந்தவற்றுள் எம் கைக்கு வந்தது ஒன்றே.

இதனைப் படிப்போர் இப்பணியில் இணைய விரும்பின், ஆவணி பிறக்கும்போதே மேடைக்கு மண் சலிக்கத் தொடங்குதல் வேண்டும். ஐப்பசி மழைக்கு நாற்று ஆயத்தமாக அதுவே காலம்.